செட்டிங்ஸும் பயனரின் உழைப்புதான்: டெஸ்க்டாப் மென்பொருள் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

கடைகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் விண்டோஸ் மென்பொருள் செய்து விற்கும் நிறுவனங்களுக்கும், அவற்றில் நிரல் எழுதும் நண்பர்களுக்கும்:

நீங்கள் விற்கும் மென்பொருளைக் கடைகளில் நிறுவிப் பராமரிப்பவர்கள் நாங்கள். அது கோளாறு செய்தால் முதல் போன் எங்களுக்குத்தான் வரும். அண்மையில் ஒரு பில்லிங் மென்பொருளின் அப்டேட்டோடு வந்த குறிப்பில், புதிய பதிப்பை ஏற்றியதும் செட்டிங்ஸ் அனைத்தையும் மறுபடி அமைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. ஏன் என்ற விளக்கம் இல்லை. அப்டேட் என்றால் செட்டிங்ஸ் போகத்தான் செய்யும் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். அந்த முடிவை எங்களால் ஏற்க முடியாது.

செட்டிங்ஸ் என்று ஒரு சொல்லில் நீங்கள் முடித்துவிடுவதை மளிகைக் கடைக் கல்லாவில் நின்று பாருங்கள். பிரிண்டரில் 80 மி.மீ. ரோல், அச்சு விழும் அகலம் 72 மி.மீ., வரிக்கு 48 எழுத்து. பக்கத்துக் கவுண்டரில் 58 மி.மீ. ரோல், அதில் 48 மி.மீ.தான் அச்சாகும், வரிக்கு 32 எழுத்து. தராசு காம் 3 போர்ட்டில், 9600 பாட் வேகத்தில். பில் அச்சானதும் கல்லாப்பெட்டி திறக்க வேண்டும். பைசா போய் முழு ரூபாயாக வேண்டும். பொருள் பெயர் தமிழில் வர வேண்டும், தட்டுவது தமிழ்99 விசைப்பலகை முறையில். இவற்றில் ஒன்றுகூட உங்கள் அலுவலகத்தில் முடிவானதல்ல. கடைக்காரரும் நாங்களும் சேர்ந்து, ரோல் ரோலாகப் பேப்பரை வீணாக்கிச் சரிபார்த்து வைத்தவை. விலைப்பட்டியலை அழித்துவிட்டு மறுபடி தட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்ல உங்களுக்கு மனம் வராது. அதே கணினியில் அதே ஆட்கள் செய்த இந்த வேலை மட்டும் எப்படிக் கணக்கில் வராமல் போனது?

செட்டிங்ஸ் போனால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரே ஒரு காட்சி போதும். பிரிண்டர் பெயர் காணாமல் போனதால் மென்பொருள் விண்டோஸின் இயல்பு பிரிண்டரைப் பிடிக்கிறது. விண்டோஸ் 10-இலிருந்து, இயல்பு பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்றொரு தேர்வு உண்டு; அது இயக்கத்தில் இருந்தால் கடைசியாக எதில் அச்சிட்டோமோ அதுவே இயல்பு பிரிண்டர். முதல்நாள் மாலை கணக்கரின் மெயிலுக்காக ஒரு பிடிஎஃப் எடுத்திருந்தால், அன்று காலை பில் அடிக்கும்போது ரோல் நகராது. எந்தப் பெயரில் ஃபைலைச் சேமிக்க என்று கேட்டுத் திரையில் ஒரு பெட்டி திறக்கும். பின்னால் வரிசை நின்றுகொண்டிருக்கும்.

இன்னொரு தவறும் இதோடு சேர்ந்து வருகிறது. சிலர் பில் எண்ணின் முன்னொட்டையும் அடுத்த எண்ணையும் செட்டிங்ஸ் ஃபைலிலேயே வைக்கிறார்கள். ஃபைல் போனால் எண் 1-இலிருந்து தொடங்கும். ஜிஎஸ்டி விதி 46-இன்படி பில் எண் 16 எழுத்துக்கு மிகாமல், தொடர்வரிசையில், ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராததாக இருக்க வேண்டும். அது விருப்பத் தேர்வு அல்ல, கணக்கு. அதன் இடம் தரவுத்தளம். பில் பதியும் அதே பரிவர்த்தனைக்குள் எண்ணும் உயர வேண்டும்.

இனி, செட்டிங்ஸ் ஏன் போகிறது என்பதற்கு வருவோம். களத்தில் திரும்பத் திரும்ப நாங்கள் காணும் காரணங்கள் சிலவே. எல்லாமே தடுக்கக்கூடியவை.

முதலாவது கரண்ட் கட். பேட்டரி செத்த யூபிஎஸ் இல்லாத கடைத்தெரு கிடையாது. மின்சாரம் போய் வந்தபின் மென்பொருள் திறக்க மறுக்கிறது, அல்லது எல்லாம் புதிதாக நிறுவியதுபோல் நிற்கிறது. செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்து பார்த்தால் அளவு சரியாக இருக்கும், உள்ளே அத்தனையும் சுழிய பைட்டுகளாக இருக்கும். மர்மம் ஒன்றுமில்லை. விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ், மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் தன் ஜர்னலில் காப்பது ஃபைலின் பெயர், அளவு போன்ற விவரங்களைத்தான், உள்ளடக்கத்தை அல்ல. அளவு பதிவாகி, உள்ளடக்கம் நினைவகத்திலிருந்து வட்டுக்கு இறங்குமுன் மின்சாரம் போனால் மிஞ்சுவது சுழியங்கள். மைக்ரோசாஃப்ட்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட்டில் ஃபைல்.ரைட்ஆல்டெக்ஸ்ட் என்று ஒரே வரியில் எழுதும்போது பழைய ஃபைல் முதலில் காலியாக்கப்பட்டு, அதன் மேல்தான் புதியது எழுதப்படுகிறது. நடுவே தடைபட்டால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

இது நேற்று கண்டுபிடித்த சிக்கல் அல்ல. 2009-இல் லினக்ஸில் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை பரவத் தொடங்கியபோது, கணினி திடீரென நின்றால் டெஸ்க்டாப் செட்டிங்ஸ் ஃபைல்கள் சுழிய நீளத்தில் கிடந்தன. பெரிய வாக்குவாதம் நடந்தது. கோப்பு முறைமையில் ஒரு பாதுகாப்பைச் சேர்த்தார்கள். ஆனாலும் ஃபைலை வட்டுக்கு இறக்கிவிட்டு அதன்பின் பெயர் மாற்றுவது நிரலாளரின் வேலை என்பது அப்போதே தெளிவாகச் சொல்லப்பட்டது. கியூட்டி நிரலகம் 5.1 பதிப்பிலேயே இதற்கென்று கியூசேவ்ஃபைல் என்ற வகுப்பைத் தந்துவிட்டது.

செய்முறை நீளமானதல்ல. அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிக ஃபைலை உருவாக்குங்கள். வேறு டிரைவில் உருவாக்கினால் மாற்றிவைப்பது பிழை தரும், அல்லது வெறும் நகலெடுப்பதாகிவிடும். அதே ஃபோல்டர்தான் பாதுகாப்பு. அதில் முழுவதையும் எழுதி, டாட்நெட்டில் ஃப்ளஷ் செயலுக்கு ட்ரூ கொடுத்து வட்டுக்கு இறக்குங்கள்; விண்டோஸை நேரடியாக அழைக்கும் வின்32-இல் ஃப்ளஷ்ஃபைல்பஃபர்ஸ். மூடிய பிறகு ஃபைல்.ரீப்ளேஸ் கொண்டு பழையதன் இடத்தில் வையுங்கள். அதன் மூன்றாவது அளவுருவில் ஒரு பெயர் கொடுத்தால் பழைய ஃபைல் பிரதியாக நின்றுவிடும். முதல் தடவை மட்டும் பழைய ஃபைல் இருக்காது, ரீப்ளேஸ் பிழை தரும், அப்போது மூவ். வைரஸ் தடுப்பானோ பேக்கப் நிரலோ அந்த நொடியில் ஃபைலைப் பிடித்திருக்கலாம். 100 மில்லிநொடி இடைவெளியில் நான்கைந்து முறை முயன்று பாருங்கள். இவ்வளவும் சேர்ந்து முப்பது வரி நிரல் வராது.

மென்பொருளை மூடும்போது மட்டும் சேமிப்பதையும் விட்டுவிடுங்கள். கடையில் யாரும் மென்பொருளை முறைப்படி மூடுவதில்லை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறார்கள். மாற்றம் நடந்ததும் ஒரு நொடி பொறுத்து, வேறு மாற்றம் வராவிட்டால் எழுதிவிடுங்கள்.

இரண்டாவது காரணம்தான் அந்த அப்டேட் குறிப்பின் வேர் என்று நினைக்கிறோம். டாட்நெட்டின் உள்ளமைந்த செட்டிங்ஸ் முறை, யூசர்.கான்ஃபிக் என்ற ஃபைலை பயனர் ஒவ்வொருவருக்கும் உரிய ஆப்டேட்டா லோக்கல் ஃபோல்டருக்குள் நான்கு அடுக்கு ஆழத்தில் வைக்கிறது: நிறுவனப் பெயர், அதற்குள் நிரலின் பெயரோடு ஒட்டிய ஒரு நீண்ட குறியீடு, அதற்குள் பதிப்பு எண், அதற்குள் ஃபைல். பதிப்பு எண் மாறினால் ஃபோல்டர் மாறும். புதிய ஃபோல்டர் காலி. எனவே எல்லாம் இயல்பு மதிப்புகளுக்குத் திரும்பும். பழைய ஃபைல் எங்கும் போகவில்லை, பக்கத்து ஃபோல்டரிலேயே கிடக்கிறது. அதை எடுத்துவரவே அப்கிரேட் என்ற செயல் இருக்கிறது. இயல்பு மதிப்பு ட்ரூ கொண்ட ஒரு செட்டிங்கைச் சேருங்கள். நிரல் தொடங்கும்போது அது ட்ரூவாக இருந்தால் அப்கிரேடை அழைத்து, அதை ஃபால்ஸ் ஆக்கிச் சேமியுங்கள். நான்கு வரி. இந்த நான்கு வரி இல்லாததால்தான் நூறு கடைகளில் நூறு பேர் மறுபடி பிரிண்டர் அளவு பார்க்கிறார்கள்.

ஆனால் அப்கிரேடும் எல்லாவற்றையும் காப்பாற்றாது. வலுப்பெயர் (ஸ்ட்ராங் நேம்) எனும் டிஜிட்டல் ஒப்பமிடாத நிரலுக்கு அந்த நீண்ட குறியீடு நிரல் இருக்கும் பாதையிலிருந்து கணக்கிடப்படுகிறது. நிரலை சி டிரைவிலிருந்து டி டிரைவுக்கு மாற்றினாலோ, நிறுவும் ஃபோல்டரின் பெயரில் பதிப்பு எண்ணைச் சேர்த்தாலோ குறியீடு மாறும். அப்கிரேட் பழையதைத் தேடும் இடமே வேறாகிவிடும். அசெம்பிளியில் (தொகுத்த நிரல் ஃபைலில்) நிறுவனப் பெயரைத் திருத்தினாலும் இதே கதி. பதிப்பு எண்ணில் நட்சத்திரக் குறி போட்டுத் தானாக ஏறும்படி வைத்திருந்தால் ஒவ்வொரு பில்டும் ஒரு புதிய பதிப்பு. எங்களைக் கேட்டால், கடைக்கு விற்கும் மென்பொருளுக்கு இந்த முறையே வேண்டாம். நிலையான பெயருள்ள ஒரு ஃபோல்டர், அதில் ஜேசான் என்ற எளிய உரை வடிவில் ஒரு ஃபைல், அதன் முதல் வரியில் வடிவ எண் 1 என்று வையுங்கள். வடிவம் மாறும்போது 1-இலிருந்து 2-க்கு ஒரு சிறு செயல், 2-இலிருந்து 3-க்கு இன்னொன்று. மாற்றுவதற்குமுன் பழையதன் நகல் ஒன்றை எடுத்துவையுங்கள். உங்களுக்குப் புரியாத சாவிகள் ஃபைலில் இருந்தால் அழிக்காதீர்கள். புதிய பதிப்பு பிடிக்காமல் பழையதற்குத் திரும்பிய கடைக்காரர், மறுபடி புதியதற்கு வரும்போது அவை அவருக்கு வேண்டும்.

கெட்டுப்போன ஃபைலைப் படிக்கும்போது நிரல் செத்துவிழுவது இன்னொரு கொடுமை. யூசர்.கான்ஃபிக் கெட்டிருந்தால் முதல் செட்டிங்கைத் தொட்ட இடத்திலேயே பிழை எழும். யாரும் பிடிக்காவிட்டால் ஜன்னல் வருமுன்பே நிரல் மூடிக்கொள்ளும். கடைக்காரர் நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவார். கெட்ட ஃபைல் ஆப்டேட்டாவில் அப்படியே இருக்கும், எனவே பலன் இருக்காது. அந்தப் பிழைக்குள்ளேயே கெட்ட ஃபைலின் பாதை இருக்கிறது. பிடியுங்கள், ஃபைலின் பெயரை மாற்றி ஓரமாக வையுங்கள், முந்தைய பிரதியை எடுங்கள், அதுவும் கெட்டிருந்தால் மட்டும் இயல்பு மதிப்புகளுக்குப் போங்கள். என்ன நடந்தது என்று திரையில் தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு வரி சொல்லுங்கள். லிப்ரே ஆபிஸ் 5.3 பதிப்பிலிருந்து பாதுகாப்புப் பயன்முறை ஒன்றை வைத்து, கெட்ட அமைப்புகளோடும் நிரலைத் திறக்க வழி செய்திருக்கிறது. அந்த மனப்பாங்கு உங்களுக்கும் வேண்டும்.

மூன்றாவது, எங்கே சேமிப்பது என்பது. சாதாரணப் பயனர் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத முடியாது. ஆனாலும் உங்களில் சிலரின் 32-பிட் நிரல்கள் இன்றும் அங்கே எழுதுகின்றன, எழுதியதும் நிற்கிறது. எப்படி? மேனிஃபெஸ்ட் (எப்படி ஓட வேண்டும் என்று நிரல் விண்டோஸுக்குச் சொல்லும் குறிப்பு) இல்லாத பழைய நிரல் என்று கண்டு, விண்டோஸ் அந்த எழுத்தை ஆப்டேட்டா லோக்கலில் வர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டருக்குத் திருப்பிவிடுகிறது. பல ஆண்டு செட்டிங்ஸ் அங்கே சேர்ந்துகொண்டே வரும். ஒருநாள் நீங்கள் 64-பிட் பதிப்பு வெளியிடுவீர்கள், அல்லது மேனிஃபெஸ்ட் சேர்ப்பீர்கள். அந்த நொடியில் திருப்பிவிடுதல் நின்றுபோகும். நிரல் உண்மையான புரோகிராம் ஃபைல்ஸில் கிடக்கும் பழங்கால ஃபைலைப் படிக்கும். 64-பிட்டுக்கு மாறப்போகிறவர்கள், முதல் ஓட்டத்தில் வர்ச்சுவல்ஸ்டோரைத் தேடிப் பார்த்து அங்குள்ளதை எடுத்துவர வேண்டும்.

இதற்குச் சிலர் கண்ட தீர்வு, நிரலை எப்போதும் அட்மினாக ஓட்டச் சொல்வது. சாதாரணக் கணக்கில் உட்கார்ந்திருப்பவர் முதலாளியின் கடவுச்சொல்லைக் கொடுத்து ஓட்டினால், ஆப்டேட்டா என்பது முதலாளியின் ஆப்டேட்டா ஆகிவிடும். எல்லாப் பயனருக்கும் பொதுவான புரோகிராம்டேட்டா ஃபோல்டரில் வைத்தாலும் ஒரு கண்ணி உண்டு: ஒரு பயனர் அங்கே உருவாக்கிய ஃபைலை இன்னொரு சாதாரணப் பயனர் படிக்கலாம், திருத்த முடியாது. காலை ஷிப்ட் ஊழியர் மாற்றியதை மாலை ஷிப்ட் ஊழியர் சேமிக்க முடியாமல் தவிப்பது இதனால்தான். கணினிக்குப் பொதுவானவற்றுக்குப் புரோகிராம்டேட்டாவில் ஒரு ஃபோல்டரை நிறுவும்போதே உருவாக்கி, அந்த ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ஆளுக்கு உரியவை அவரவர் ஆப்டேட்டாவில். டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர் வேண்டவே வேண்டாம். அதை ஒன்டிரைவ் எடுத்துக்கொண்டு இரண்டு கணினிகளின் ஃபைல்களை ஒன்றோடொன்று மோதவிடும்.

இப்போது தமிழ். இதில் எங்களுக்குக் கோபமே உண்டு. பில்லின் அடியில் ‘நன்றி, மீண்டும் வருக’ என்று போடச் சொல்கிறார் கடைக்காரர். செட்டிங்ஸில் தட்டுகிறோம், திரையில் அழகாகத் தெரிகிறது. மறுநாள் திறந்தால் ‘?????, ???????? ????’. நன்றியின் மூன்று எழுத்துக்கு ஐந்து கேள்விக்குறி, மீண்டும் என்பதன் நான்கு எழுத்துக்கு எட்டு. புள்ளியும் உயிர்மெய்க் குறியும் யூனிகோடில் தனித்தனி இலக்கம் பெற்றவை, ஒவ்வொன்றும் தனித்தனியே சிதைந்திருக்கிறது. காரணம் இதுதான்: விண்டோஸில் தமிழுக்கு ஏஎன்எஸ்ஐ குறிமுறைப் பக்கம் (யூனிகோடுக்கு முந்தைய, மொழிக்கு மொழி வேறான எழுத்து அட்டவணை) என்று ஒன்று கிடையாது, தமிழ் யூனிகோடில் மட்டுமே வாழ்கிறது. ஐஎன்ஐ எனும் பழைய வகைச் செட்டிங்ஸ் ஃபைலில் எழுதும் விண்டோஸ் செயல்கூறு, நீங்கள் அதன் யூனிகோட் வடிவத்தையே அழைத்தாலும், ஃபைல் ஏற்கெனவே யூடிஎஃப்-16 (யூனிகோடைச் சேமிக்கும் ஒரு முறை) ஆக இல்லாவிட்டால் ஏஎன்எஸ்ஐ ஆக்கித்தான் எழுதும். கேள்விக்குறியான எழுத்தை மீட்கவே முடியாது. ஐஎன்ஐயை விட முடியாதென்றால், முதல் எழுத்துக்கு முன்பே 255, 254 என்ற இரண்டு பைட்டுகளைத் தலையில் வைத்து அந்த ஃபைலை உருவாக்கிவிடுங்கள். அதன்பின் தமிழ் நிற்கும். விட முடியுமென்றால் யூடிஎஃப்-8-க்கு வாருங்கள்.

விண்டோஸில் உள்ளூர்க் கணக்கைத் தமிழ்ப் பெயரில் தொடங்கியவர் நிலை இன்னும் மோசம். பயனர் ஃபோல்டரின் பெயரே தமிழ். ஏஎன்எஸ்ஐ நிரலின் கண்ணுக்கு அந்தப் பாதை கேள்விக்குறிகள். கேள்விக்குறி ஃபைல் பெயரில் வரக்கூடாத குறி. ஆகவே எதுவும் சேமிக்கப்படுவதில்லை. கணக்கை ஆங்கிலத்தில் புதிதாகத் தொடங்குங்கள் என்று உங்கள் உதவி மையங்கள் சொல்லும் பதில், தன் பெயரைத் தன் மொழியில் எழுதிய ஒருவருக்குத் தரக்கூடிய பதிலா? விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து மேனிஃபெஸ்ட்டில் ஒரு வரி சேர்த்தால் பழைய நிரலும் யூடிஎஃப்-8-ஐத் தன் குறிமுறையாகக் கொள்ளும். சோதித்துப் பார்க்கத் தமிழ்ப் பெயரில் ஒரு கணக்கு போதும்.

எண்களும் தேதிகளும் இதே வகை. ஓரம் 2.5 மி.மீ. என்று சென்னையில் எழுதிய ஃபைலை ஜெர்மன் வட்டார அமைப்புள்ள கணினியில் படித்தால் 25 ஆகிறது. அங்கே புள்ளி என்பது ஆயிரப் பிரிப்பான். 03-04-2025 என்பது ஏப்ரல் 3-ஆ மார்ச் 4-ஆ என்பது கணினியைப் பொறுத்தது. ஃபைலில் எழுதும்போதும் படிக்கும்போதும் எந்த வட்டாரத்தையும் சாராத இன்வேரியன்ட் கல்ச்சர், தேதிக்கு ஆண்டு-மாதம்-நாள் வரிசை.

படித்த மதிப்பை அப்படியே நம்பாதீர்கள். ஜன்னலைச் சுருக்கியிருக்கும்போது விண்டோஸ் அதன் இடமாகச் சொல்வது -32000, -32000. அதைச் சேமித்துவிட்டு அடுத்தமுறை அங்கேயே திறந்தால், டாஸ்க்பாரில் நிரல் இருக்கும், திரையில் இருக்காது. இரண்டாவது மானிட்டரைக் கழற்றிய கணினியிலும் இதுவே நடக்கும். ஆல்ட்டோடு ஸ்பேஸ் அழுத்தி, எம் தட்டி, அம்புக்குறியால் இழுத்துவர எங்களுக்குத் தெரியும். கல்லாவில் இருப்பவருக்கு ஏன் தெரிய வேண்டும்? திறக்குமுன், இருக்கும் மானிட்டர்களில் ஒன்றிலாவது அந்த இடம் விழுகிறதா என்று பாருங்கள். பிரிண்டரும் அப்படித்தான். யூஎஸ்பி கேபிளை வேறு போர்ட்டில் சொருகினால் விண்டோஸ் அதே பிரிண்டரைக் ‘காப்பி 1’ என்ற ஒட்டோடு புதிதாகச் சேர்த்துவிடும். சேமித்த பெயர் கிடைக்கவில்லையென்றால் சத்தமில்லாமல் வேறொன்றுக்குத் தாவாமல், நின்று கேளுங்கள். மெயில் கடவுச்சொல்லையும் இ-இன்வாய்ஸ் கடவுச்சொல்லையும் வெறும் எழுத்தாக ஃபைலில் வைப்பவர்களுக்கு: விண்டோஸின் டிபிஏபிஐ என்ற மறையாக்க வசதி அதற்காகவே இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

செட்டிங்ஸை மறுபடி அமைத்துக்கொள்ளச் சொல்லும் வரியை அடுத்த அப்டேட் குறிப்பிலிருந்து நீக்குங்கள். நீக்கக்கூடிய நிலைக்கு நிரலைக் கொண்டுவந்த பிறகு. ஏற்கெனவே செட்டிங்ஸ் இழந்த கடைகளுக்கு, பழைய பதிப்பின் ஃபோல்டரிலிருந்து அவற்றை மீட்டுத்தரும் ஒரு சிறு கருவியை இலவசமாகக் கொடுங்கள். அந்த ஃபைல்கள் பெரும்பாலும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

மெனுவில் செட்டிங்ஸை ஏற்றுமதி, இறக்குமதி செய்ய இரண்டு பொத்தான்கள் வையுங்கள். கணினிக்கு மட்டும் உரியதை (பிரிண்டர் பெயர், காம் போர்ட், ஜன்னல் இடம்) கடைக்கு உரியதிலிருந்து (பில் வடிவம், அடிக்குறிப்பு, முழுமையாக்கல்) பிரித்து, எதை எடுக்க என்று கேளுங்கள். புதுக் கணினி வாங்கும் கடைக்காரருக்கு அந்த ஒரு ஃபைல் போதுமானதாக இருக்க வேண்டும். செட்டிங்ஸ் ஃபைல் எங்கே இருக்கிறது என்பதை ‘பற்றி’ ஜன்னலில் முழுப் பாதையாகக் காட்டுங்கள், தட்டினால் அந்த ஃபோல்டர் திறக்கட்டும்.

ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் மூன்று சோதனைகள் செய்யுங்கள். முந்தைய இரண்டு பதிப்புகளிலிருந்து அப்டேட் செய்து ஒவ்வொரு செட்டிங்கையும் ஒப்பிடுங்கள். தமிழ்ப் பெயருள்ள, அட்மின் அல்லாத கணக்கில் நிறுவி, அடிக்குறிப்பைத் தமிழில் மாற்றி, மூடித் திறந்து பாருங்கள். மூன்றாவதாக, ஒரு மேசைக் கணினியில் செட்டிங்ஸை மாற்றிச் சேமி என்பதை அழுத்திய உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். இருபது முறை செய்யுங்கள், இருபது முறையும் மென்பொருள் பழைய செட்டிங்ஸோடாவது புதியவற்றோடாவது திறக்க வேண்டும். திறக்காவிட்டால் அந்தப் பதிப்பைக் கடைகளுக்கு அனுப்பாதீர்கள்.